காணாப் பொருளும் கவனியாக் குழந்தையும்

ஸ்ரீ:

கண்ணுக்குப் புலப்படும் பொருளை "உண்டு" என்று சொல்வதில் எவர்க்கும் தடையில்லை. புலப்படாத பொருளை "உண்டு" என்று கொள்வதற்கும், இருக்கவேண்டிய ஒன்று "இல்லை" என்று தீர்ப்பதற்கும் எவ்வளவு சான்று வேண்டும் என்பதே சாஸ்திரங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த கேள்வி. இக்கேள்வி பண்டிதர் சபைக்கு மட்டும் உரியதன்று. இன்று இரண்டு இடங்களில் இது மிகக் கூர்மையாக எழுந்து நிற்கின்றது. ஒன்று, பிரபஞ்சத்தில் எங்கும் நிறைந்திருந்தும் எந்தக் கண்ணுக்கும் எட்டாத கரும்பொருளைத் தேடும் விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடம். மற்றொன்று, ஒரு குழந்தை உரிய கவனிப்பின்றி வாடுகின்றதா என்று அறிவதற்காக அதிகாரி ஒருவர் நுழையும் வீட்டின் நடை. முன்னதில் தவறு நேர்ந்தால் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை பொய்த்துப் போகும். பின்னதில் தவறு நேர்ந்தால் ஒரு குழந்தையின் வாழ்வோ ஒரு தாயின் வாழ்வோ பாழாகும். ஆகவே, முன்னவர் கைக்கொள்ளும் முறையிலிருந்து பின்னவர் கற்கத்தக்கது எது, கற்கக் கூடாதது எது என்று ஆராய்வது தகும்.

கிருஷ்ணாபுரம் காட்டும் வழி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரத்திற்கு, ஸ்ரீ வேங்கடாசலபதியைச் சேவிக்கவும் அச்சந்நிதியின் சிற்பங்களைக் கண்டு வியக்கவும் வருவோர் பலர். அதே ஊரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதை அறிந்தோர் சிலரே. பூமியின் காந்த மத்தியரேகை பாரதத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கின்றது. அந்த ரேகையின்மீது, தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கின்றது. அதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. ஆயினும் தரையிலுள்ள காந்தமானியின் அளவு காலையில் ஏறி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, மாலையில் இறங்குகின்றது. அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மேலே ஓடும் காணாத ஆற்றின் வேகம் கணிக்கப்படுகின்றது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அனுமானப் பிரமாணம் இதுவேயன்றோ?

வானத்தின் பெரும் புதிரும் இவ்வாறே வெளிப்பட்டது. சூரியனை அணுகிச் சுற்றும் புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. மிகத் தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கின்றது. தொலைவு மிக மிக வேகம் குறைவதே முறை. ஆனால் 1970-இல் வேரா ரூபின் என்னும் அம்மையார் கென்ட் ஃபோர்டுடன் சேர்ந்து ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திர மண்டலத்தை அளந்தபோது, அதன் வெளியோரத்தில் உள்ளவையும் வேகம் குறையாமல் ஓடுவதைக் கண்டார். அதற்கு முன்பே 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர், நட்சத்திர மண்டலங்களின் ஒரு பெருங்கூட்டத்தில் இதற்கொத்த முரண்பாட்டைக் குறித்திருந்தார். அடுத்த தெருவில் வீட்டுக்கூரைகளுக்கு மேலே தேரின் உச்சி மட்டும் அசைந்து செல்வதைக் காணும் குழந்தை, வடம் பிடிப்போர் கண்ணில் படாவிடினும், "தேரை இழுக்கிறார்கள்" என்று சொல்லும். அதுபோல, காணாத ஏதோ ஒன்றின் ஈர்ப்பே இவற்றை நிறுத்தி வைத்துள்ளது என்று விஞ்ஞானிகள் கொண்டனர். அதற்குக் கரும்பொருள் என்று பெயர். பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் அணுக்களாலான பொருள் சுமார் 5 சதவிகிதம். கரும்பொருள் சுமார் 27 சதவிகிதம் என்பது இக்காலக் கணக்கு.

அக்கரும்பொருள் எதனால் ஆனது? பாரத விஞ்ஞானி ராமநாத் கௌசிக், 1972-இல் மெக்லெலண்டு என்பவருடன் சேர்ந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளுக்கு எடை இருக்குமாயின் அது எவ்வளவுக்கு மேற்படாது என்பதைப் பிரபஞ்சத்தின் விரிவைக் கொண்டே கணித்தார். ஆயினும் நியூட்ரினோக்களால் மட்டும் கணக்கு நிரம்பவில்லை. இன்று ஆராயப்படும் பொருள்களுள் ஆக்ஸியான் என்பது முக்கியமானது. 1977-இல் பெச்சேய், குவின் என்னும் இருவர் அணுக்கருவின் விதிகளில் இருந்த ஒரு சிக்கலைத் தீர்க்கக் கூறிய வழியிலிருந்து, மறு ஆண்டு வைன்பர்க், வில்செக் ஆகியோர் இத்துகள் இருந்தாகவேண்டும் என்று கண்டனர். கறையைப் போக்கும் சலவைத்தூள் ஒன்றின் பெயரையே வில்செக் இதற்கு இட்டார்.

தேடுவோர் கைக்கொள்ளும் மூன்று நியமங்கள்

1983-இல் பியர் சிகிவி என்பவர் தேடும் வழியைக் காட்டினார். வலிமைமிக்க காந்தத்தின் நடுவே ஓர் உலோகக் கூட்டை வைத்தால், அதனூடே செல்லும் ஆக்ஸியான்களுள் மிகச் சில நுண்ணலையாக மாறக்கூடும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இம்முறையில் தேடல் நடைபெறுகின்றது. அங்குள்ள காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடையது. எதிர்பார்க்கும் குறியோ, ஒரு வாட் மின்சக்தியைக் கோடியால் வகுத்து, மீண்டும் கோடியால் வகுத்து, மூன்றாம் முறையும் கோடியால் வகுத்தால் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்களவே. அத்துணை மெல்லிய குரலைக் கேட்க விரும்புவோர் மூன்று நியமங்களைக் கைக்கொள்கின்றனர்.

முதலாவது, தம் கருவியின் இரைச்சலை அடக்குதல். வெப்பமுள்ள எப்பொருளும் தானே ஓசை எழுப்பும். ஆதலால் கருவியைக் குளிர்ச்சியின் கடைசி எல்லையை நெருங்கும்வரை குளிர்விக்கின்றனர். வெளியுலகின் ஓசையைக் காட்டிலும் தன் ஓசையே தேடுவோனை அதிகம் ஏமாற்றும் என்பது அவர்கள் அறிந்தது.

இரண்டாவது, "காணவில்லை" என்பதற்கு எல்லை வகுத்தல். ஆக்ஸியானின் எடை இன்னதென்று தெரியாமையால், வானொலியில் நிலையம் தேடுவதுபோல் அலைவரிசையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போகவேண்டும். 2018-இல் வெளியிட்ட முடிவில், 645 முதல் 680 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், இன்ன வலிமையுடைய குறி காணப்படவில்லை என்றே கூறினர். ஆக்ஸியான் இல்லை என்று கூறவில்லை. நையாயிகரும் மீமாம்சகரும் இதனை முன்பே உரைத்துள்ளனர். இருந்தால் கண்டிருப்போம் என்னும் தகுதி உள்ள இடத்தில் காணாமையே இன்மைக்குச் சான்று. அதற்கு யோக்யானுபலப்தி என்று பெயர். இருட்டறையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று சொல்லத் தகான்.

மூன்றாவது, குறி தோன்றினாலும் உடனே பறைசாற்றாமல் சோதித்தல். காந்தத்தின் வலிமையைக் குறைத்தால் உண்மையான குறியும் குறையவேண்டும். குறையாவிடில் அது வேறெங்கிருந்தோ வந்த ஓசை. இது அன்வய வ்யதிரேக முறை: காரணம் உள்ளபோது காரியம் உண்மையும், காரணம் நீங்கியபோது காரியம் நீங்குதலும் பார்ப்பது. மேலும், தேடுவோர்க்கே தெரியாமல் செயற்கைக் குறியைக் கருவிக்குள் செலுத்தி, அவர்கள் விழிப்புடன் உள்ளனரா என்றும் சோதிப்பதுண்டு.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆக்ஸியான் இன்னும் அகப்படவில்லை. அவர்கள் அதற்காகச் சலிக்கவுமில்லை, பொய் கூறவுமில்லை.

இன்மை என்பது வேறோர் நிலை

நிற்க. குழந்தையைக் கவனியாமை என்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றே. அடித்தால் தழும்பு இருக்கும். கவனியாமையோ ஒரு செயல் அன்று; செய்யவேண்டியதைச் செய்யாமை. கொடுக்கப்படாத சோற்றையும், பேசப்படாத சொல்லையும், கூப்பிட்டபோது திரும்பாத முகத்தையும் எவர் எங்ஙனம் அளப்பது?

இங்கு விசிஷ்டாத்வைத சித்தாந்தம் ஒரு வழி காட்டுகின்றது. அபாவம், அதாவது இன்மை, என்பதைத் தனியொரு பதார்த்தமாக நம் ஆசாரியர்கள் கொள்வதில்லை. ஒன்றின் இன்மை என்பது மற்றொன்றின் வேறொரு நிலையே என்பது அவர்கள் துணிபு. குடம் இல்லாமை என்பது வெறுந்தரையின் நிலை. இதனை இவ்விஷயத்தில் பொருத்திப் பார்த்தால், கவனிப்பின் இன்மையைப் பெற்றோரின் நெஞ்சுக்குள் புகுந்து தேடவேண்டுவதில்லை. அது குழந்தையின் உடலிலும் நடத்தையிலும் வேறொரு நிலையாக நின்றுகொண்டிருக்கும். அங்கே நோக்கவேண்டும்.

தமிழகத்தில் 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கடைப்பிடிக்கப்பட்ட முறை இத்தகையது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை ஏறவேண்டிய அளவு ஏறாத குழந்தைக்கு மூன்று மாதம் துணையுணவு அளித்தனர். ஏறாத எடையே அங்கு இன்மைக்கு உருவம் தந்தது. இன்றும் அங்கன்வாடியில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு என்று அறியலாம். சோற்றின் இன்மைக்கு இவை உரைகல்.

அன்பின் இன்மைக்கும் உரைகல் உண்டு. ருமேனியா தேசத்து அநாதை விடுதிகளில் உண்டியும் உடையும் பெற்றும், தன்னை நோக்கிப் பேசும் ஒருவர் இன்றி வளர்ந்த 136 குழந்தைகளை 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர்களது மூளையின் மின்னலைகளே வலிமை குன்றியிருந்தன. இரண்டு வயதுக்கு முன் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டவர்கள் மற்றவரினும் நன்கு தேறினர். ஆகவே காலம் கடந்தால் சில குறைகள் முற்றும் தீர்வதில்லை என்பதும் விளங்கிற்று.

குழந்தையின் நிலையே முதற்சான்று என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் திருவவதரித்த நம்மாழ்வார், பால் உண்ணாமலும் அழாமலும் கண் திறவாமலும் இருந்தார் என்றும், பெற்றோர் அவரை ஆதிநாதர் சந்நிதியில் விட, திருப்புளியடியில் பதினாறு ஆண்டுகள் எழுந்தருளியிருந்தார் என்றும் குருபரம்பரை கூறும். வழிப்போக்கன் ஒருவன் இதனைக் கேள்வியுற்றால் பெற்றோர் கைவிட்ட பிள்ளை என்றே சொல்லியிருப்பான். ஆனால் அத்திருமேனியில் வாட்டம் என்பதே இல்லை என்பதும் பெரியோர் கூற்று. வடதேசத்திலிருந்து தென்திசைச் சோதியைக் கண்டு நடந்துவந்த மதுரகவிகள், தூரத்தில் நின்று எதையும் முடிவு செய்யவில்லை. அருகே வந்தார்; கல்லை இட்டு ஓசை செய்து சோதித்தார்; கேள்வி கேட்டார்; பிறகே அறிந்தார். அருகே செல்லாமல் கூறும் தீர்ப்பு எதுவாயினும் அது வதந்தியே.

இரண்டு வீடுகள்

தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றில் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் ஒரு தாய் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு விடியற்காலம் முதல் பீடி சுற்றுகின்றாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும். புகையிலைத் தூள் படிந்த தரையில் இரண்டு வயதுக் குழந்தை அழுக்குச் சட்டையுடன் அழுகின்றது. "கவனிப்பதே இல்லை" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டாவது வீடு மாடிவீடு. குழந்தைக்குப் பால், பழம், பட்டுச்சட்டை, விளையாட்டுப் பொருள் அனைத்தும் உண்டு. தந்தைக்கு வியாபாரம், தாய்க்கு வேறு அலுவல். காலை முதல் இரவு வரை குழந்தையோடு பேசுவது ஒரு கைப்பேசித் திரை மட்டுமே. மூன்று வயதாகியும் சொல் தெளியவில்லை. ஆள் வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வீட்டைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை.

விசாரிக்க வருபவரின் மனம் குளிராத கருவியாக இருந்தால், அழுக்கைக் கண்டவுடன் குற்றம் என்றும், பட்டைக் கண்டவுடன் நலம் என்றும் கூறிவிடும். தன் சாதி, தன் வசதி, தன் பழக்கம் ஆகியவை எழுப்பும் இரைச்சலை அவர் குழந்தையின் குரலாகக் கொண்டுவிடுவார். வறுமை என்னும் ஒரே அலைவரிசையில் தேடுபவருக்கு வறுமை மட்டுமே அகப்படும். பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு "குறை ஒன்றும் காணவில்லை" என்று எழுதுவதும் இருட்டறையில் குடம் தேடியதே.

ஒரு நாள் நிகழ்ச்சியைக் கொண்டும் முடிவு செய்தல் ஆகாது. கண்ணன் குழந்தையாய் இருந்தபோது, வீட்டு விசேஷத்திற்கு வந்தவர்களை உபசரிப்பதில் ஈடுபட்டிருந்த யசோதைப் பிராட்டியின் செவியில், வண்டியின் கீழே கிடந்த குழந்தை பாலுக்கு அழுத ஒலி விழவில்லை என்று ஸ்ரீபாகவதம் கூறும். அதன்பின்னரே சகடம் கவிழ்ந்தது. யசோதையைக் கவனியாத தாய் என்று எவர் சொல்வார்? ஒரு கணம் தவறுவது மானுடம். நாள்தோறும் தொடர்ந்து தவறுவதும், தவறினேன் என்று பதறாமையுமே கவனியாமை.

அப்படியாயின் இயலாமையையும் அன்பின்மையையும் பிரித்தறிவது எப்படி? காந்தத்தைக் குறைத்துப் பார்க்கும் முறையே இங்கும் உதவும். பீடி சுற்றும் தாயின் குறையை நீக்கிப் பார்க்கவேண்டும். குழந்தையை அங்கன்வாடியில் சேர்க்க வழிசெய்து, துணையுணவும் சிறிது பொருளுதவியும் கிடைக்கச் செய்து, இரண்டு மாதம் கழித்துச் சென்று காணவேண்டும். குழந்தை தேறி, தாயின் முகமும் மலர்ந்தால், அங்கு இல்லாதது கைப்பொருளே தவிர அன்பு அன்று. உதவி கிடைத்தும் குழந்தை அவ்வாறே வாடினால், அப்போது வேறு காரணம் தேடவேண்டும். அக்காரணமும் தாயின் நோயாகவோ, வீட்டிலுள்ள ஒருவரின் குடியாகவோ இருக்கலாம்.

எவ்வளவு உறுதி வேண்டும்?

இதுவரை கூறியவை தேடுவோரிடமிருந்து கற்கத்தக்கவை. இனிக் கற்கக் கூடாதது ஒன்று உண்டு. ஆக்ஸியான் காத்திருக்கும், குழந்தை காத்திராது. ஐயம் முழுவதும் நீங்கும்வரை வாய் திறவாமை விஞ்ஞானிக்குப் பெருமை. அதையே குழந்தையின் விஷயத்தில் கைக்கொள்பவர் பாவத்திற்கு ஆளாவார். ஆனால் ஐயத்தின்பேரிலேயே தாயைக் குற்றவாளியாக்குவதும் பாவமே. இந்த இரண்டு பாவங்களுக்கும் நடுவில் வழி உண்டா?

உண்டு. காத்தல் வேறு, குற்றம் சாற்றல் வேறு என்று பிரிப்பதே அவ்வழி. கடற்கரையில் விபீஷணாழ்வான் வந்து நின்றபோது நிகழ்ந்த ஆலோசனையை நினைக்கலாம். ஐயுறவேண்டும் என்றார் சுக்ரீவ மகாராஜர். ஒற்றனை விட்டு அறியலாம் என்றார் ஒருவர். வினவிப் பார்க்கலாம் என்றார் மற்றொருவர். திருவடியோ, வந்தவனின் முகத்தையும் பேச்சையும் கவனித்து, அவற்றில் தீமை தோன்றவில்லை என்று சான்று கூறினார். பெருமாளின் முடிவு இவையனைத்தையும் கடந்தது. வந்தவனிடம் குற்றம் இருந்தாலும் இல்லாவிடினும் அடைக்கலம் தருவதை அதன்பொருட்டு நிறுத்தமுடியாது என்பதே அது. காப்பதற்கு அவர் முழு நிரூபணத்தை எதிர்பார்க்கவில்லை. தேவையைக் கண்டதே போதுமானதாயிற்று.

பாரதத்தின் சட்டமும் இப்பிரிவினையை ஏற்றுள்ளது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழந்தைகள் நலக்குழு அமைக்கப்படுகின்றது. பாதுகாப்பு வேண்டும் குழந்தையைப் பற்றி 1098 என்னும் எண்ணுக்கு எவரும் தெரிவிக்கலாம். தெரிவிப்பவர் குற்றத்தை நிரூபிக்கவேண்டியதில்லை. குடும்பநிலை பற்றிய சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடியவேண்டும். இறுதி ஆணை நான்கு மாதத்திற்குள் பிறக்கவேண்டும். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியே. குடும்பத்திலேயே வளர்வதற்காக மாதந்தோறும் நிதி ஆதரவு தரவும் இடமுண்டு. காத்தலில் இவ்வளவு விரைவு. தண்டனையிலோ நிதானம். வேண்டுமென்றே குழந்தையைக் கைவிடுவோர்க்கும் புறக்கணிப்போர்க்கும் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இவ்விரண்டுமோ விதிக்கும் 75-ஆம் பிரிவே, பெற்றோர் தம் வசத்தை மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்திருந்தால் அதனை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளலாகாது என்று விலக்கும் அளிக்கின்றது.

ஆகவே "எவ்வளவு உறுதி வேண்டும்?" என்னும் கேள்விக்கு விடை ஒன்றன்று, இரண்டு. ஒரு கவளம் சோறு தரவும், ஒரு வார்த்தை பேசவும், ஒரு தகவல் சொல்லவும் சிறிய ஐயமே போதும். ஒரு தாயைக் குற்றவாளி என்று சொல்லவும், குழந்தையை அவளிடமிருந்து பிரிக்கவும் ஆக்ஸியானைத் தேடுவோர் கொள்ளும் அத்தனை நிதானமும் வேண்டும். உலகத்தார் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். குற்றம் சொல்ல விரைகின்றனர். உதவி செய்யச் சான்று கேட்கின்றனர்.

எம்பெருமானை அணுகுமுன் பிராட்டியைப் பற்றுவது நம் சம்பிரதாயம். ஜீவனின் குற்றங்களை எண்ணும் நீதிக்கு முன்னே, அவன் குழந்தை என்பதை நினைவூட்டும் கருணை நிற்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள். உத்ஸவ காலத்தில் திருவீதிகளில் ஆயிரமாயிரம் குழந்தைகள் வருவர். பெருமாளின் புறப்பாட்டைக் காணும் கண்கள் சற்றே தாழ்ந்து, கூட்டத்தின் ஓரத்தில் எவர் கையையும் பற்றாமல் நிற்கும் குழந்தையையும் காணட்டும். பிரசாதத்தை அதன் கையில் வைத்துப் பெயரைக் கேட்கட்டும். விசாரணை பிறகு நடக்கலாம்.

சுபம்.